ஜன்னலுக்கு வெளியே புத்தகம்

அல்லியின் பிடரியில் இருந்த முதல் கொப்புளத்தைக் கண்டவள் அவள் அம்மா காசியம்மாதான். தலை பின்னிவிட உட்கார்த்தியிருந்தாள். எண்பத்து நான்காம் வருஷம், மாசி மாதத்தின் கடைசி வாரம். காரைக்கால் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் படிப்பு விடுமுறை விட்டிருந்தார்கள். பரீட்சைக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது.

முந்தின நாள் அடித்த காய்ச்சலுக்கு அம்பகரத்தூர் கடைத்தெருவில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். இப்போது பிடரியில் ஒன்று, முதுகில் மூன்று, தண்ணீர்த் துளி உட்கார்ந்த மாதிரி. காசியம்மா சீப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அப்படியே இரு. தலையில கைய வைக்காத."

வெளியே வந்து, மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டாள். "ஏங்க, கொஞ்சம் வேப்பங்கொழுந்து பறிச்சுட்டு வாங்க. புள்ளைக்கு அம்மா வந்திருக்கா."

காத்தமுத்து வைக்கோலைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். "பரீட்சை வருதே" என்றான். கோயில் பக்கம் போய்க் கை நிறைய ஒடித்துக்கொண்டு வந்தான்.

அன்றைக்கே வீடு மாறிப்போனது. வாசல் நிலையில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பு கிடையாது, மீன் கிடையாது. அல்லிக்கு உள்ளறையில் பாய் போட்டு, அதன்மேல் கொழுந்து பரப்பினாள் காசியம்மா. நீர்மோரும் பழைய சோறும் இளநீரும்தான் ஆகாரம். கடைசியாக, அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினாள்.

"அம்மா, அதை ஏம்மா எடுக்குற?"

"கண்ணுல எறங்கிருச்சுன்னா பார்வை போயிரும். தண்ணி ஊத்துற வரைக்கும் ஒரு எழுத்து பாக்கக்கூடாது."

"பரீட்சை இருக்கும்மா."

"கண்ணு இருந்தாத்தானே பரீட்சை எழுதுவே?"

அல்லி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுததைக் காசியம்மா பார்த்தாள். சாக்கை இறக்கவில்லை.

அல்லி பயந்தது உயிரியலுக்குத்தான். மற்றப் பாடங்களில் எப்படியோ தேறிவிடுவாள். உயிரியலில் தாவரத்துக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று என்று இரண்டு தடித்த புத்தகங்கள். விடியற்காலையில் எழுந்து கொல்லையில் நடந்துகொண்டே பக்கம் பக்கமாக நெட்டுருப் போடுவாள். வாய்க்கால் கரையில் போகிறவர்களுக்குக்கூட அவள் குரல் கேட்கும். ஆனால் அரையாண்டுப் பரீட்சையில் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டபோது முதல் வரி வந்தது, இரண்டாவது வரி வரவில்லை. இரண்டாவது வராததால் மூன்றாவதும் வரவில்லை. தாளில் பாதி வெள்ளையாகவே இருந்தது. இருநூற்றுக்கு ஐம்பத்தெட்டு. உயிரியல் ஆசிரியை சொர்ணாம்பாள் தாளைக் கையில் கொடுத்து, "படிக்காத புள்ளன்னா திட்டலாம். உன்னை என்ன சொல்றதுன்னே தெரியல" என்றார்.

நாலாம் நாள் காலை ஜன்னத்துல் பிர்தௌஸ் வந்தாள். பள்ளிவாசல் தெருவில் அவள் வீடு. அந்த ஊரிலிருந்து காரைக்காலுக்கு பஸ் ஏறி பிளஸ் டூ படித்த பெண்கள் இவர்கள் இருவர்தான். ஜன்னத்துதான் வகுப்பில் முதல். அவள் வாப்பா துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்தார். மாதம் ஒரு கடிதம் வரும். எல்லாக் கடிதத்திலும் மகளை டாக்டருக்குப் படிக்க வைக்கவேண்டும் என்று ஒரு வரி இருக்கும்.

உளுந்துக் கொல்லைக்குப் போயிருந்த காசியம்மா அப்போதுதான் திரும்பியிருந்தாள். பனி ஈரம் இருக்கும்போதே உளுந்துச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் நெற்று வெடித்துப் பருப்பெல்லாம் வயலில் சிதறிவிடும். அதனால் விடியுமுன் போய் ஒன்பது மணிக்குள் வந்துவிடுவாள்.

"எங்கடி வர்ற? வாசல்ல வேப்பிலை செருகியிருக்குல்ல?"

"எனக்கு ஆறு வயசுலயே வந்துருச்சு அத்தே. ஒருக்கா வந்தா மறுபடி வராது. புத்தகத்துலயே போட்டிருக்கு."

"வூட்டுல மீனு சாப்புட்டியா?"

"நேத்து சாப்புட்டேன்."

"அப்ப உள்ள வராத. பின்னால போயி ஜன்னல்கிட்ட நில்லு."

ஜன்னத்து பின்பக்கம் போனாள். உள்ளறை ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் நின்றது. அதனடியில் கிடந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தாவணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அல்லி."

"படிக்கக்கூடாதாம்டி. எல்லாத்தையும் பரண்ல ஏத்திட்டாங்க. நான் இந்த வருசம் எழுதலை."

"நீ படிக்காத. நான் புத்தகம் வச்சிருக்கேன். நான் கேக்குறேன், நீ சொல்லு. கேக்குறதுல கண்ணுக்கு என்ன வேலை?"

காசியம்மா வாசற்படியில் நின்று இதைக் கேட்டாள். மறுத்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் நாள் மோசமாக இருந்தது. பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளை ஜன்னத்து வாசிக்க வாசிக்க, அல்லிக்குத் தெரிந்தது என்று நினைத்ததெல்லாம் தெரியாததாக இருந்தது. இருபது கேள்வியில் ஏழு. வழக்கம்போல் முதல் வரியில் ஆரம்பித்து ஒப்பிக்கப் பார்ப்பாள். ஜன்னத்து விடமாட்டாள்.

"வரி வேணாம். இலைக்குத் தண்ணி எப்படிப் போவுது? அதை மட்டும் சொல்லு."

"தாவரங்களில் நீரேற்றம் என்பது..."

"அது புத்தகம் சொல்றது. நீ சொல்லு."

அல்லி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். பிறகு அல்லி சொன்னாள்: "இலை தண்ணிய ஆவியா விடுதுல்ல. விட விட, கீழே இருக்குறது மேல இழுபடுது. வேருலேருந்து இலை வரைக்கும் குழாயில தண்ணி அறுந்து போவாம ஒரே சரமா இருக்கு. அதனால மேல இழுத்தா அடி வரைக்கும் வருது."

"அவ்வளவுதான். அந்தக் குழாய்க்குப் பேரு?"

"சைலம்."

"இதையே தாள்ல எழுதினா மார்க்குப் போடாம என்ன பண்ணுவாங்க?"

தவறிய கேள்விகளுக்கு நேரே ஜன்னத்து பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். மறுநாள் வந்து புள்ளி வைத்ததை மட்டும் முதலில் கேட்டாள். சரியாகச் சொன்னதை அப்படியே விட்டுவிடாமல், மூன்று நாள் கழித்துத் திடீரென்று கேட்பாள். அல்லி தடுமாறினால் மறுபடி ஒரு புள்ளி. இப்படிச் செய்யவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவளிடம் வேறு எப்படிப் படிப்பது என்று தெரியாமல் செய்ததுதான்.

படங்கள்தான் சிக்கலாக இருந்தன. உயிரியலில் படம் போடாமல் மார்க் இல்லை. அல்லி வேப்பங்குச்சியால் மண்தரையில் கீறினாள். இதயம், தவளையின் மூளை, இலையின் குறுக்குவெட்டு. காலையில் போட்டதைக் காசியம்மா சாயந்திரம் சாணி தெளித்து மெழுகிவிடுவாள். முதல் நாள் அல்லி கத்தினாள்.

"அம்மா! அரைமணி நேரமாப் போட்டேம்மா அதை!"

"அம்மா வந்த வூட்டை மெழுவாம வச்சிருப்பாங்களா? நாளைக்குத் திருப்பிப் போடு."

மறுநாள் திரும்பப் போட்டாள். அதற்கடுத்த நாளும். ஐந்தாம் முறை போடும்போது எந்தக் குழாய் எங்கே சேர்கிறது என்று யோசிக்காமலே குச்சி போனது. மெழுகுவதற்கு முன்னால் காசியம்மா ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள். ஒருமுறை கேட்டாள், "இது என்னா, பலாக்கொட்டை மாரி?"

"சிறுநீரகம். நம்ம இடுப்புக்கு மேல, முதுகுப்பக்கம் ரெண்டு இருக்கு."

"எனக்குமா?"

"எல்லாருக்கும்."

காசியம்மா இடுப்பைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு மெழுக உட்கார்ந்தாள்.

ஒருநாள் அவள் வயலிலிருந்து வந்து சேலையை உதறியபோது, ஒட்டியிருந்த உளுந்துச் செடி ஒன்று விழுந்தது. வேரோடு இருந்தது. அல்லி பாயிலிருந்தே கேட்டாள்.

"அம்மா, வேருல உருண்டை உருண்டையா இருக்கா பாரு."

"இருக்கு. எல்லாச் செடியிலயும் இருக்கும். பொடிப்பொடியா."

"நசுக்கு."

காசியம்மா நகத்தால் நசுக்கினாள். "உள்ள செவப்பா இருக்குடி. ரத்தமாட்டம்."

"அதுக்குள்ள ஒரு பாக்டீரியா இருக்கும்மா. காத்துல உள்ள நைட்ரஜனைப் புடிச்சுச் செடிக்குக் குடுக்குது. அதனாலதான் உளுந்துக்கு யூரியா போடுறதில்ல."

"யூரியா போடுறதில்லைன்னு எனக்குத் தெரியும். ஏன்னு தெரியாது." காசியம்மா செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சட்டென்று, "உனக்கு வந்திருக்குறதைப் பத்தியும் அந்தப் பொஸ்தவத்துல எழுதியிருக்கா?" என்றாள்.

"இருக்கு. வைரஸ்னு பேரு."

"அங்க அவ பேரு அப்படியா? இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு மகளின் முதுகில் வேப்பங்கொத்தால் தடவிக்கொடுத்தாள்.

பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். பொருக்கெல்லாம் உதிர்ந்திருந்தது. மறுநாள் காத்தமுத்து அவளைக் காரைக்காலுக்கு அழைத்துப்போனான். அம்மை கண்ட பெண்ணை மற்றவர்களோடு உட்காரவைக்கத் தலைமையாசிரியை யோசித்தார். காத்தமுத்து துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

"தனியா எங்கயாவது ஒரு மூலையில உக்காத்திவைங்கம்மா. மாட்டுக்கொட்டாயா இருந்தாலும் பரவாயில்லைங்க. எழுதிருவா."

தையல் அறையைத் திறந்துவிட்டார்கள். அல்லி பரீட்சைகளை அங்கே, நான்கு தையல் மிஷின்களுக்கு நடுவே தனியாக எழுதினாள்.

உயிரியல் கடைசிப் பரீட்சை. அன்று காலை பஸ் நிறுத்தத்தில் ஜன்னத்து தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தள்ளி நின்றாள். முகம் கனன்று கிடந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் கை அல்லியின்மேல் பட்டது. சுட்டது. அல்லி அவள் தாவணியை விலக்கிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் இரண்டு, கழுத்தில் ஒன்று. அல்லிக்கு அந்தத் துளிகளை நன்றாகத் தெரியும்.

"உனக்கு ஆறு வயசுல வந்துச்சுன்னு சொன்னே."

ஜன்னத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் திருநள்ளாற்றில் நின்று கிளம்பியது.

"பொய்யாடி சொன்னே?"

"ஆமா."

"ஏன்?"

"நீ பெயிலானா நான் காலேஜுக்கு யாரோட போவேன்? ஒத்தையில அனுப்பமாட்டோம்னு உம்மா முன்னாலயே சொல்லிட்டாங்க. எனக்காவத்தான் வந்தேன். உனக்காவன்னு நெனச்சுக்காத."

கோபப்பட வேண்டுமா என்று அல்லிக்குத் தெரியவில்லை.

"யாருகிட்டயும் சொல்லிராத" என்றாள் ஜன்னத்து. "திருப்பி அனுப்பிருவாங்க. மூணு மணி நேரம்தானே. எழுதிட்டு வந்துர்றேன்."

"அந்த ஹால்ல நாப்பது பேரு இருக்காங்கடி."

"அல்லி."

"நாப்பது பேரு."

பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கியதும் அல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே சொர்ணாம்பாள் டீச்சரிடம் போனாள். ஜன்னத்து கையை உருவப் பார்த்தாள். காய்ச்சலில் அவளுக்கு வலு இல்லை.

"டீச்சர், இவளுக்கும் வந்திருச்சு. எனக்குத் துணையா இருந்ததுல வந்தது. தையல் ரூம்ல எடம் இருக்குங்க. நான் ஒரு மூலை, இவ ஒரு மூலை. திருப்பி மட்டும் அனுப்பிராதீங்க டீச்சர்."

டீச்சர் ஜன்னத்துவின் நெற்றியைத் தொட்டார். "பைத்தியமாடி நீ? இந்தக் காய்ச்சல்ல எழுதிருவியா?"

"எழுதிருவேன் டீச்சர்."

அவர் தலைமையாசிரியையின் அறைக்குள் போனார். கதவு மூடியிருந்ததால் உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. முதல் மணி அடிக்கும்போது வெளியே வந்து, "ரெண்டு பேரும் வாங்க. எங்கள்ல ஏற்கெனவே அம்மை வந்துபோன ஒருத்தரை உள்ள காவலுக்குப் போட்டிருக்கு" என்றார்.

கேள்வித்தாளைப் பிரித்ததும் அல்லி வழக்கம்போல் முதல் வரியைத் தேடவில்லை. ஒவ்வொரு கேள்வியும் முருங்கை மரத்தடியிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. எழுதினாள். படம் போட்டாள், பாகம் குறித்தாள். ஒருமுறை நிமிர்ந்தபோது எதிர் மூலையில் ஜன்னத்து மேசையில் தலையைச் சாய்த்திருந்தாள். பேனா கையில் இருந்தது. கண்காணிப்பவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஜன்னத்து நிமிர்ந்து நாலு வரி எழுதினாள். மறுபடி சாய்ந்தாள். அல்லிக்கு எழுந்து போகவேண்டும் போல இருந்தது. போக முடியாது. குனிந்து தன் தாளைப் பார்த்துக்கொண்டாள். அதன்பிறகு நிமிரவில்லை.

மறுநாள் காசியம்மா நாலு இளநீரும் ஒரு கட்டு வேப்பிலையுமாகப் பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். வேப்பிலை விஷயத்தில் இரண்டு தெருவுக்கும் வித்தியாசம் கிடையாது. ஜன்னத்துவின் உம்மா ஆஸியா பீவி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"புள்ளையப் பாக்கலாம்னு."

"உங்க வூட்டுலேருந்துதானே வந்துச்சு. அது வந்து சேந்தாச்சு. இன்னும் என்னா பாக்கணும்?"

காசியம்மா இளநீரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவ வாப்பா கடுதாசிக்குக் கடுதாசி எழுதுறாங்க. ரெண்டு வருசமா இதே பேச்சு. பாதித்தாளு எழுதலைன்னு அழுவுறா. நான் அவுங்களுக்கு என்னான்னு எழுதுவேன்? உங்க புள்ளை தேறிருவா. எம்புள்ளை?"

"அவளுக்கு வந்துபோயிருச்சுன்னு சொன்னா பீவிம்மா. நான் நம்பிட்டேன். உங்கள்ட்ட ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கணும். கேக்கலை. அது எம்மேல தப்பு."

ஆஸியா பீவி கதவைப் பிடித்தபடியே நின்றாள். உள்ளேயிருந்து ஜன்னத்து தண்ணீர் கேட்டாள். அவள் திரும்பிப் போனாள். கதவைச் சாத்தவில்லை. காசியம்மா உள்ளே போய் முற்றத்தில் உட்கார்ந்து இளநீரைச் சீவினாள். சாயந்திரம் வரை இருந்து கொழுந்தை அரைத்துக் கொடுத்தாள், பாயைத் தட்டிப் போட்டாள். ஆஸியா பீவி அவளோடு பேசவில்லை. மறுநாளும் காசியம்மா போனாள். மூன்றாம் நாள் ஆஸியா பீவி ஒரு தட்டில் தயிர்ச்சோறு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, "சாப்புடுங்க" என்றாள்.

வைகாசியில் ரிசல்ட் வந்தது. அல்லிக்கு உயிரியலில் இருநூற்றுக்கு நூற்று நாற்பத்தாறு. காரைக்கால் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் கிடைத்தது. ஜன்னத்துக்கு நூற்று முப்பத்தெட்டு. மற்றப் பாடங்களில் எல்லாம் அவள்தான் முதல். டாக்டர் படிப்புக்கு அது போதாது.

அடுத்த வருஷம் உயிரியலை மட்டும் திரும்ப எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ளலாம் என்று சொர்ணாம்பாள் டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். அல்லி அதைச் சொல்ல ஒரு மாலை பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். மழை வரும்போல் இருந்தது. கடற்பக்கம் கறுத்துக் கிடந்தது. ஆஸியா பீவி முறுக்குக்கு அரிசி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். ஜன்னத்து பக்கத்தில் உட்கார்ந்து உளுந்து மாவைக் கலந்துகொண்டிருந்தாள். கன்னத்தில் இரண்டு தழும்பு நின்றுவிட்டது.

"ஒரு வருசம் சும்மா வூட்டுல இருக்கணுமா?" என்றாள் ஆஸியா பீவி. "நாகூர்லேருந்து ஒரு எடம் கேட்டு வந்திருக்காங்க. நல்ல குடும்பம்."

"ஒரே ஒரு வருசம் மாமி."

"நீ காலேஜுக்குப் போயிருவே. இவ ஒத்தையா உக்காந்து சுவத்தைப் பாத்துப் படிப்பாளா? அன்னிக்கு உன்னை இவ உக்காந்து கேட்டா. இப்ப யாரு கேப்பா?"

"நான் பஸ்ஸைவிட்டு எறங்கி நேரா இங்க வர்றேன் மாமி. தெனம் ஒரு மணி நேரம் கேக்குறேன். அப்புறந்தான் எங்க வூட்டுக்குப் போவேன்."

ஜன்னத்து நிமிரவில்லை. மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஆஸியா பீவி சல்லடையை ஓரமாக வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். துபாய்க்குக் கடிதம் எழுதக் காகிதத்தோடு வருவாள் என்று அல்லி நினைத்தாள். அவள் கொண்டுவந்தது விலங்கியல் புத்தகம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். துபாயிலிருந்து வரும் கடிதங்களை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மணைப் பலகையில் உட்கார்ந்து நடுப்பக்கத்தில் எங்கோ பிரித்தாள். விரலை வைத்துத் தடவிக்கொண்டே வாசித்தாள்.

"க...ணை...யம். கணையம் சு...ரக்கும் நொ...திகள் யாவை?" நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "நொதின்னா என்னான்னு எனக்குத் தெரியாது. நீ சொல்லு."

ஜன்னத்து கையை மாவிலிருந்து எடுத்தாள். "டிரிப்சின். லைப்பேஸ்."

ஆஸியா பீவி மறுபடி குனிந்தாள். அவள் விரல் அடுத்த பக்கத்துக்குப் போய், பதில் இருந்த வரியைத் தேடி, மெதுவாக நகர்ந்து நின்றது.

"மூணு எழுதியிருக்கே" என்றாள். "நீ ரெண்டுதான் சொன்னே."